பால் வந்த வாசல்

நாகையாவின் மாடுகள் என் அடுப்படிச் சுவரை ஒட்டியே கட்டிக் கிடந்தன. சாணித் தண்ணீர் முழுக்க என் வீட்டுச் சாக்கடையில்தான் வந்து தேங்கும். பிரிக்பீல்ட்ஸ் வரிசை வீடுகளில் மாடு கட்டக் கூடாதென்று சட்டம் இருக்கிறது. கேட்டால், "மூக்கைப் பொத்திக்கிட்டுப் போ" என்பான். அந்தத் திமிருக்காகவே சுகாதார இன்ஸ்பெக்டரை நாலு தெரு தள்ளிப் பிடித்துச் சொன்னேன்.

"என் பேரு வெளிய வரக்கூடாதுங்க ஐயா."

"வராது. திங்கக்கிழமை வரேன்" என்றார்.

அவர் வாக்குத் தவறவில்லை. என் கொல்லையையும் சேர்த்து எல்லா வீட்டுக் கொல்லையையும் சோதித்த பிறகுதான் மாடுகளை ஓட்டிப்போனார். நானும் கூட்டத்தோடு நின்று, "எந்தப் பாவி சொன்னாளோ!" என்று கன்னத்தில் கை வைத்தேன்.

மறுநாள் காலை, வரிசைப் பெண்கள் எல்லோரும் காலிச் செம்போடு நாகையா வாசலில் நின்று, பிள்ளைகளுக்குப் பாலில்லையே என்று புலம்பினார்கள். அந்த நேரம் பார்த்துப் பஞ்சாபிப் பால்காரன் என் வாசலில் சைக்கிளை நிறுத்தி மணியடித்தான். செவ்வாயிலிருந்து பால் ஊற்றச் சொல்லிப் போன வாரமே ஏற்பாடு செய்திருந்தேன்.

புலம்பல் நின்றது. நாகையாவின் மனைவி செங்கமலம் என் செம்பையே பார்த்தாள்.

"ஏன்டி மகதலேனா, மாடு போவப் போறது உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சு?"