மூன்றாவது பூச்சு

வாங்க, வாங்க. எல்லாரும் சௌக்கியமா? முழங்கால் வலி தேவலையா? வீட்டில பரீட்சை எழுதுற பிள்ளைங்க நேரத்துக்குச் சாப்பிடுறாங்களா? சரி, காலை நீட்டி வசதியா உக்காருங்க. ஆனா உக்கார்ற இடத்தை ஒரு தடவை கையால தொட்டுப் பாத்துட்டு உக்காருங்க. ஏன் சொல்றேன்னு போகப் போகத் தெரியும்.

ஒரு சின்ன ஊர். அதில் ஒரே ஒரு உயர்நிலைப் பள்ளி. அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. படிப்பு முடித்து வெளியே போகிற கடைசி வகுப்புப் பிள்ளைகள், தாங்கள் உட்கார்ந்த பெஞ்சைத் தாங்களே உப்புத்தாளால் தேய்த்து, வார்னிஷ் அடித்து, அடுத்து வருகிறவர்களுக்கு விட்டுவிட்டுப் போக வேண்டும். ஒரு பெஞ்சுக்கு இரண்டு பேர். பூச்சும் இரண்டு. ஆளுக்கு ஒரு பூச்சு என்பது கணக்கு. பூச்சு காயும்வரை பெஞ்சின் குறுக்கே ஒரு சணல் கயிறு கட்டியிருக்கும். கயிறு இருந்தால் ஈரம், இல்லாவிட்டால் காய்ந்துவிட்டது. மரவேலை சொல்லித்தருகிற சார் வந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்து “ம்” என்று சொன்னால்தான் அந்த ஜோடிக்கு விடுதலை.

ஜன்னலோரப் பெஞ்சு இஸ்திரிக்கும் சுண்டுவுக்கும் உரியது. இஸ்திரி என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. அவள் அம்மா சலவைக் கடை நடத்துகிறாள். இவளும் கை எட்டின நாள் முதல் இஸ்திரிப் பெட்டியோடு வளர்ந்தவள். அதனால் வகுப்பே சேர்ந்து அப்படிக் கூப்பிட்டது. நெடுநெடுவென்று வளர்ந்த பெண். சுண்டு அவள் தோளுக்குக்கூட எட்டமாட்டாள். ஆனால் வாய் மட்டும் இரண்டு ஊருக்குக் கேட்கும். பாலர் வகுப்பிலிருந்தே இரண்டு பேரும் நகமும் சதையும் மாதிரி. சேர்ந்தே சாப்பாடு, சேர்ந்தே திட்டு.

அந்த நகமும் சதையும் இப்போது பேசிக்கொள்வதில்லை.

நடந்தது இதுதான். ஒருநாள் சாயங்காலம் சுண்டுவின் அம்மா ஒரு பை நிறைய உடுப்பைக் கொண்டுவந்து கடை மேஜையில் வைத்தாள். “நல்லா மடிப்பு நிக்கிற மாதிரி தேச்சு வை கண்ணு. பெட்டில வைக்கணும். விடுதில இதெல்லாம் யாரு தேச்சுக் குடுப்பாங்க?”

“எந்த விடுதி அத்தை?”

“என்னடி, உனக்குத் தெரியாதா? நர்சு படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கே. பள்ளிக்கூடம் முடிஞ்ச மறுநாளே பஸ் ஏறுறா.”

இஸ்திரிக்குத் தெரியாது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, பக்கத்துப் பெஞ்சில் அல்ல, ஒரே பெஞ்சில் உட்காருகிறவளுக்குத் தெரியாது. உள்ளூர்க் கல்லூரியில் ஒன்றாகச் சேரலாம், கடைக்கு மேலே இருக்கிற சின்ன அறையில் உட்கார்ந்து படிக்கலாம் என்று இரண்டு பேரும் போட்ட திட்டமெல்லாம் என்ன ஆனது? அவள் ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தேய்த்தாள். சுண்டுவின் நீலச் சட்டையில் பொத்தான் தொங்கியது. அதையும் தைத்து வைத்தாள். மறுநாள் பள்ளியில் சுண்டு “ஏய்” என்று கூப்பிட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சுண்டுவும் இரண்டு தடவை, மூன்று தடவை முயன்று பார்த்தாள். அப்புறம் அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது. ஒரே பெஞ்சில் இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி. நடுவில் ஒரு யானை உட்காரலாம்.

உள்ளுக்குள்ளே இஸ்திரிக்கு ஒரே கவலைதான். இவள் இப்படியே பஸ் ஏறிப் போய்விட்டால்? போகிறவள் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டால், மிச்சக் காலமெல்லாம் அந்தச் சாலையைப் பார்க்கிறபோதெல்லாம் நெஞ்சு அடைக்காதா? ஆனால் வாயைத் திறக்கவேண்டியது யார்? மறைத்தவள்தானே?

கடைசி நாளுக்கு முந்தின நாள் பெஞ்சு வேலை. சுண்டு ஏதோ சான்றிதழ் வாங்கப் போயிருந்தாள். வரட்டும் என்று காத்திருக்கலாம். இஸ்திரி காத்திருக்கவில்லை. ‘அவ ஒண்ணும் எனக்குக் கைகொடுக்க வேண்டாம்’ என்று தனியாகவே தேய்த்தாள். மத்தியானம் ஒரு பூச்சு, சாயங்காலம் அவள் பங்குக்கும் சேர்த்து ஒரு பூச்சு. கயிறைக் கட்டிவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து தொட்டுப் பார்த்தாள். கண்ணாடி மாதிரிக் காய்ந்திருந்தது. கயிறை அவிழ்த்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள்.

அன்று மத்தியானம் குழுப்படம். மரத்தடியில் கடைசி வகுப்புப் பிள்ளைகளை வரிசை வரிசையாக நிறுத்திப் படக்காரர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். முன்னால் ஆசிரியர்களுக்கு நாற்காலி. நடுவில் தலைமை ஆசிரியைக்கு மட்டும் தனியாக ஒரு பெஞ்சு, அது அவர் பிடிவாதம். நாற்காலியில் உட்கார்ந்தால் கைப்பிடி அவர் முழங்கையை மறைக்கிறதாம். பிள்ளைகள் அவரைப் பெரிய மிஸ் என்பார்கள். அவர் நடந்து வந்தால் காற்றுகூடச் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்ளும். அன்று படத்துக்கென்றே சந்தன நிறத்தில் புது உடை போட்டிருந்தார்.

பள்ளி ஊழியர் அண்ணன் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டபோதுதான் கடைசி வரிசையில் வலது முனையில் நின்ற இஸ்திரி கவனித்தாள். அவர்களுடைய பெஞ்சு. ஓரத்தில் கண் மாதிரி ஒரு முடிச்சு இருக்கும், அதை வைத்து எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். இருக்கிறதிலேயே பளபளப்பு அதுதான் என்று அண்ணன் தேர்ந்தெடுத்திருக்கிறார். இஸ்திரிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முன் வரிசையில் இடது முனையில் நின்ற சுண்டு திடீரென்று பின்னால் திரும்பினாள். கண்ணை உருட்டினாள். கையைக் கையோடு ஒட்டிப் பிரித்துக் காட்டினாள். பெஞ்சைக் காட்டினாள், தலையில் அடித்துக்கொண்டாள்.

‘கிண்டலாப் பண்றே? கடைசி நாள்லயுமா?’ என்று இஸ்திரி முகத்தை வெட்டிக்கொண்டாள்.

“ஏம்மா குட்டை! படம் முன்னாடிதான் எடுக்கிறேன், பின்னாடி இல்ல!” என்று படக்காரர் கத்தினார். பெரிய மிஸ் வந்தார். உடையைப் பின்னால் சீராக ஒதுக்கி, ராணி மாதிரி உட்கார்ந்தார். உட்கார்ந்த மறுநொடி அவர் முகம் ஒரு மாதிரிப் போயிற்று. லேசாக எழப் பார்த்தார். எழவில்லை. இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, “சீக்கிரம் எடுங்க” என்றார்.

படம் எடுத்து முடிந்ததும் கூட்டம் கலைந்தது. பெரிய மிஸ் மட்டும் அப்படியே இருந்தார். “நீங்க போங்க, நான் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வர்றேன்” என்று மற்ற ஆசிரியர்களை அனுப்பினார். ஆசிரியர்கள் போன பிறகு, பெஞ்சு ஓரத்து முடிச்சைத் தொட்டுப் பார்த்து, தலையைத் திருப்பாமலே கூப்பிட்டார்.

“ஜன்னலோரப் பெஞ்சு! ரெண்டு பேரும் இங்க வாங்க.”

இரண்டு பேரும் வந்து ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

“இது யார் வேலை?”

இஸ்திரிக்கு ஒன்றும் புரியவில்லை. பெஞ்சின் ஓரத்தைத் தொட்டாள். விரல் பச்சக்கென்று ஒட்டியது. அவள் வாய் திறக்கும் முன்னே சுண்டு சொல்லிவிட்டாள்.

“நான்தான் மிஸ். படத்துக்குக் கொஞ்சம் முன்னாடிதான் பூசினேன். என் பங்குக்கு ஒரு பூச்சு பாக்கி இருக்குன்னு நினைச்சேன். கயிறைத் தேடினேன், காணோம். வேற கயிறு எடுத்துட்டு வரலாம்னு போனேன், அதுக்குள்ள படத்துக்கு மணி அடிச்சுட்டாங்க. அவ மேல தப்பு இல்ல.”

இஸ்திரியின் கை தன்னையறியாமல் பையைத் தொட்டது. சணல் கயிறு உள்ளே சுருண்டு கிடந்தது.

“பாக்கி இல்ல மிஸ்” என்றாள் மெதுவாக. “ரெண்டு பூச்சும் நானே போட்டுட்டேன். இவகிட்டச் சொல்லலை. கயிறும் என்கிட்டதான் இருக்கு.”

“ஏன் சொல்லலை?”

“பேசறதில்ல மிஸ்.”

பெரிய மிஸ் வானத்தைப் பார்த்தார். “நீங்க பேசாம இருந்ததுக்கு நான் ஒட்டிக்கிட்டேனா? பேஷ். இப்ப என்ன பண்றதா உத்தேசம்? நான் இந்தப் பெஞ்சோடயே வீட்டுக்குப் போகணுமா?”

“இழுக்காதீங்க மிஸ், கிழிஞ்சிரும். துணி எனக்குத் தெரியும்.” இஸ்திரி ஓடினாள். மரவேலை அறையிலிருந்து வார்னிஷைக் கரைக்கிற டர்பன்டைனும் பழந்துணியும் கொண்டுவந்தாள். “நான் ஓரத்திலேர்ந்து ஒத்தி ஒத்தி வர்றேன். ஒருத்தர் துணியை அளவா இழுத்துப் பிடிக்கணும்.” ஒருத்தர் என்றால் யார்? அங்கே வேறு யாரும் இல்லை. சுண்டு மண்ணில் மண்டிபோட்டு உட்கார்ந்தாள்.

“இழு. ம், போதும். விடு.”

“இப்படியா?”

“மெதுவாடி! என்ன, கிணத்துல வாளியா இழுக்கிறே?”

சொன்ன பிறகுதான் இஸ்திரிக்கு உறைத்தது, ‘டி’ போட்டுவிட்டோம் என்று. சுண்டு குனிந்தே இருந்தாள். கொஞ்ச நேரம் இழு, விடு, இழு, விடு.

“நீலச் சட்டைக்குப் பொத்தான் தைச்சது நீதானே?” என்றாள் சுண்டு.

“கடைக்கு வந்த துணி. யாரோடதா இருந்தாலும் தைப்பேன்.”

“அதுல நூல் என் பேரு முதல் எழுத்து மாதிரி தைச்சிருந்துது. யாருக்கா இருந்தாலும் அப்படித் தைப்பியா?”

இஸ்திரி துணியை வேகவேகமாக ஒத்தினாள். பிறகு அடக்கிவைத்ததெல்லாம் பொலபொலவென்று வந்துவிட்டது. “ஊருக்கே தெரியுது, எனக்குத் தெரியலை. உன் அம்மா சொல்லி நான் கேக்கணுமா? ஏன்டி மறைச்சே? நான் பொறாமைப்படுவேன்னா? அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுவேன்னா?”

பெரிய மிஸ் தொண்டையைச் செருமினார். “நான் எழுந்து போயிருவேன், முடியலை. நீங்க பேசுங்க, நான் கேக்கலை.”

சுண்டுவின் கை துணியை விடவில்லை. “நீ அழமாட்டே. அதான் பயம். நான் சொன்ன அடுத்த நிமிஷமே ‘போயிட்டு வாடி, நல்லாப் படி’ன்னு சொல்லிருப்பே. எங்க வீட்ல அம்மா போங்கறாங்க, அண்ணன் போங்கறான், எதிர்வீட்டு மாமாகூடப் போங்கறாரு. நீயும் சொல்லிட்டா, எனக்குப் போகாதேன்னு சொல்ல ஒரு ஆள் இல்லாமப் போயிருமே. அதான் நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிப்போட்டேன்.”

மரத்திலிருந்து ஒரு சருகு பெரிய மிஸ்ஸின் தலையில் விழுந்தது. அவர் தட்டிவிடவில்லை.

“லூசு” என்றாள் இஸ்திரி. துணியை மறுபடி டர்பன்டைனில் நனைத்தாள். “போகாதே.”

“என்ன?”

“காது கேக்கலையா? போகாதேடி. நான் தனியா என்ன பண்ணுவேன்? மேல அறைல யார்கூட உக்காந்து படிப்பேன்?”

சுண்டுவின் மூக்கு சிவந்தது. இரண்டு கையும் வேலையாக இருந்ததால் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இன்னொரு தடவை சொல்லு.”

“போகாதே. போதுமா?” இஸ்திரி பழந்துணியின் சுத்தமான மூலையைத் தேடி எடுத்து அவள் மூக்கைத் துடைத்தாள். டர்பன்டைன் நெடியில் இரண்டு பேருக்கும் தும்மல் வந்தது. “இப்ப போ. பஸ்ல ஜன்னல் சீட்டாப் பாத்து உக்காரு. உனக்குக் குமட்டும்.”

“இந்தத் தும்மலுக்கு நடுவுல என் துணியையும் கொஞ்சம் கவனிங்க” என்றார் பெரிய மிஸ். ஆனால் அவரும் கைக்குட்டையை எடுத்துக்கொண்டிருந்தார். நெடிதான் காரணம் என்று அவராகவே சொன்னார், யாரும் கேட்காமலே.

கடைசி ஓரம் பிரிந்தது. பெரிய மிஸ் எழுந்தார். பின்னால் ஒரு பழுப்புக் கறை, பலகை அளவுக்கு. மேஜை விரிப்பை எடுத்துவந்து அவர் இடுப்பில் சுற்றிவிட்டார்கள். “சாயங்காலம் கடைக்குக் குடுத்தனுப்புங்க மிஸ், கறையை எடுத்துத் தர்றேன்” என்றாள் இஸ்திரி. அவர் விரிப்போடு, நடையில் ஒரு குறையும் வைக்காமல், அலுவலகத்துக்குப் போனார்.

அப்புறம் மரவேலை சார் வந்தார். பெஞ்சில் துணியின் நெசவு அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது, நூல் நூலாக. உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். “ம்” வரவில்லை.

“திரும்ப முதல்லேர்ந்து தேய்க்கணும். இன்னிக்கே. மத்தவங்கள்லாம் வீட்டுக்குப் போகலாம், நீங்க ரெண்டு பேரும் இருங்க.”

தண்டனை என்று கேட்டு அப்படிச் சிரித்த பிள்ளைகளை அந்த மனிதர் பார்த்ததே இல்லை. “என்ன சிரிப்பு?” என்று அதட்டினார். அந்தச் சாயங்காலம் முழுக்கப் பெஞ்சின் இந்த முனையிலிருந்து ஒருத்தியும் அந்த முனையிலிருந்து ஒருத்தியுமாகத் தேய்த்துக்கொண்டே வந்து நடுவில் முட்டிக்கொண்டார்கள். முதல் பூச்சை இஸ்திரி போட்டாள். இரண்டாவது பூச்சுக்கு முதல் பூச்சு காய வேண்டுமே. காயட்டும் என்று படிக்கட்டில் தோளோடு தோள் உட்கார்ந்து, இத்தனை நாள் பேசாத பேச்சையெல்லாம் வட்டியும் முதலுமாகப் பேசித் தீர்த்தார்கள். இரண்டாவது பூச்சு சுண்டுவுடையது. கயிறை இரண்டு பேருமாகக் கட்டினார்கள்.

மறுநாள் காலையில் பஸ் கிளம்பியது. சுண்டு ஜன்னல் சீட்டில், நகக்கண்ணில் வார்னிஷோடு, நீலச் சட்டையில் உட்கார்ந்திருந்தாள்.

குழுப்படம் கொஞ்ச நாள் கழித்துத்தான் வந்தது. இஸ்திரி அதைக் கடையில், இஸ்திரி மேஜைக்கு மேலே மாட்டினாள். நடுவில் பெரிய மிஸ், சிரிப்பா அழுகையா என்று தெரியாத முகத்தோடு. வலது முனையில் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இஸ்திரி. இடது முனையில் சுண்டு, மறுபடியும் அவசரமாகத் திரும்பினதில் அரை முகம்தான் விழுந்திருந்தது.

துணி வாங்க வருகிறவர்கள் கேட்பார்கள்: “நீயும் அந்தக் குட்டைப் பொண்ணும் ஒண்ணுக்குள்ள ஒண்ணாச்சே, ஏன்மா இவ்வளவு தள்ளி நிக்கிறீங்க?”

இஸ்திரி பெட்டியை ஓர் அழுத்து அழுத்தி, மடிப்பு சரியாக விழுகிறதா என்று பார்ப்பாள்.

“அது மத்தியானம் எடுத்த படம் அக்கா” என்பாள். “நாங்க சாயங்காலம்தான் பேசினோம்.”

அவ்வளவுதான் கதை. உங்க பள்ளிக்கூடத்துக் கடைசி நாள்ல நீங்க யாரோட பேசாம இருந்தீங்க? அப்புறம் பேசினீங்களா, இல்ல இன்னும் முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் இருக்கீங்களா? பெஞ்சுல யாராவது ஒட்டிக்கிட்ட கதை இருந்தாலும் சரி, ஒண்ணும் விடாம எனக்கு எழுதி அனுப்புங்க. ஆற அமர உக்காந்து படிக்கிறேன்.