அந்த வழக்கம் கிடையாது

வியாசர்பாடிக் குடியிருப்பில் யாரோ மூன்றாவது மாடியிலிருந்து குப்பைப் பையை வீசினார்கள். வீசியது அப்பாவு வீட்டு ஆள்தான் என்று குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி எழுதிவிட்டாள். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் ஒரு மெமோகூட வாங்காமல் ஓய்வு பெற்றவர் அப்பாவு. பதிலைத் தாளில் எழுதி, தொண்டையைக் கனைத்து, குரல் பதிவாகப் படித்து அனுப்பினார்.

"எங்கள் குடும்பத்தில் அந்த வழக்கம் கிடையாது."

"அதெல்லாம் நம்ம வூட்ல கெடியாது நைனா" என்று சொல்லியிருந்தால் ஒருவரும் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். குப்பைப் பைக்கு மேடைத் தமிழ் பேசியதுதான் வினையாகப் போயிற்று. பேண்டு செட்டில் டிரம் அடிக்கிற கீழ்வீட்டு தீனா, அந்தக் குரலுக்கு முன்னும் பின்னும் இரண்டு தட்டு தட்டிப் பரப்பிவிட்டான். டீக்கடையில் "சக்கரை போடவா?" என்று கேட்டால், ஒரு கனைப்பு, பிறகு, "எங்கள் குடும்பத்தில் அந்த வழக்கம் கிடையாது." ஷேர் ஆட்டோவில் தள்ளி உட்காரச் சொன்னாலும் அதே பதில். புளியந்தோப்பு வரைக்கும் போய்விட்டது.

அப்பாவு யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. கேலிக்கெல்லாம் குனிகிற முதுகு இல்லை அது. தானாக அடங்கிவிடும் என்று இருந்தார்.

இதற்கிடையில் மகள் சங்கமித்ராவுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டிங் சோதிக்கிற வேலை அவளுக்கு. அவள் கையெழுத்துப் போடாமல் ஒரு தகடு நகராது. புளியந்தோப்பு மாப்பிள்ளை பாரி நல்லவன்தான். ஆனால் அந்த வீட்டில் பெரியப்பா பீம்ராவ் வைத்ததே சட்டம். கல்யாணத்துக்குப் பிறகு வேலை கூடாது என்று அவர் சபையில் கேட்கப்போகிறார் என்று பாரியே முன்கூட்டிப் போனில் சொல்லிவிட்டான்.

காலையில் சேலை மடிப்பைச் சரிசெய்தபடி சங்கமித்ரா சொன்னாள்.

"நான் பேசினா வாயாடின்னுவாங்கப்பா. சபையில நீ ஒருவாட்டி சொல்லிடு. நீ சொன்னா எடுபடும்."

"சொல்றேன்மா" என்றார் அப்பாவு.

சமுதாயக் கூடத்தில் புத்தர் படத்துக்கு முன்னால் பஞ்சசீலம் சொல்லி முடித்தார்கள். தட்டு மாற்றும் நேரத்தில் பீம்ராவ் எழுந்தார்.

"ஒண்ணே ஒண்ணு சம்பந்தி. பொண்ணு இனிமே காட்டுப்பள்ளிக்கெல்லாம் போவ வேணாம். வூட்டப் பாத்துகினா போதும். இன்னா சொல்றீங்கோ?"

அப்பாவு எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். சபை என்றால் தொண்டை தானாகக் கனைக்கும். அந்தக் கனைப்புக்கே முன்வரிசையில் இரண்டு பேர் குலுங்கத் தொடங்கினார்கள்.

"பெண்ணை வேலையை விடச் சொல்வது..."

அடுத்து என்ன வரப்போகிறது என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது. வேறு வார்த்தை தேடினார். அவருடைய தகப்பனாரும் சபையில் ஒன்றை மறுப்பதென்றால் இப்படித்தான் மறுப்பார். வேறு வரவில்லை.

"எங்கள் குடும்பத்தில் அந்த வழக்கம் கிடையாது."

கூடமே சிரிப்பில் அதிர்ந்தது. பாரிகூட வாயைப் பொத்திக்கொண்டான். பீம்ராவ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சம்பந்தி செம ஆளுப்பா. தன்னையே கலாய்ச்சிக்கிறாரு பாரு" என்றார்.

"நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை."

அதற்கு முன்னதைவிடப் பெரிய சிரிப்பு. அப்பாவு ஓர் அடி முன்னால் வந்தார். அறுபத்திரண்டு வயதில், எந்தச் சபையிலும் பேசாத பேச்சைப் பேசினார்.

"யோவ், அவ வேலைய வுட மாட்டா. இன்னா, புரிஞ்சுதா?"

விசில் பறந்தது. அந்த வாயிலிருந்து இந்தப் பேச்சா என்று கை தட்டினார்கள். தீனா செல்போனை உயர்த்திப் பிடித்தான்.

பீம்ராவ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சந்தோசம் சம்பந்தி. வயிறு நொந்துபோச்சு. வாங்கோ, தட்ட மாத்திக்கலாம்."

கேட்டது கிடைத்துவிட்ட முகம் அது. அப்பாவு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சம்பந்தி பிகு பண்றாருடா" என்றது ஒரு குரல். அவருடைய தம்பி வேம்பு சிரித்துக்கொண்டே முன்னால் வந்து, அண்ணனுக்குப் பதிலாகத் தட்டை வாங்கிக்கொண்டார்.

பாயில் உட்கார்ந்திருந்த சங்கமித்ரா மட்டும் சிரிக்கவில்லை.

"அப்பா, இன்னொருவாட்டி சொல்லுப்பா" என்றாள் மெல்ல.

அப்பாவு வாயைத் திறந்தார். கூடம் மொத்தமும் பேச்சை நிறுத்திவிட்டு, சிரிப்பதற்குத் தயாராக, அவர் வாயையே பார்த்தது.