சாவியும் ஸ்க்ரூடிரைவரும்

முன்சாகா டிரெய்லரில் ஏறிச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். செத்தவரின் தொப்பியை எடுத்துத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

"நான் இன்னும் முடிவே பண்ணலையே! அதுக்குள்ள எங்க கெளப்பிட்டீங்க? எறக்குங்கடா என்னை."

அழுதுகொண்டிருந்த பெண்களில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். மீதிப் பேர் சிரிப்பை மறைக்க இன்னும் உரக்க அழுதார்கள். குரல் அச்சு அசல் செத்துப்போன ஹாகலீமாவுடையது. அவர் மகள் மசூபா ஒரு கணம் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பெட்டி மூடியேதான் இருந்தது.

டோங்கா இனத்துச் சாவு வீட்டில் அழுவதற்கு எல்லாருக்கும் உரிமை உண்டு. கேலி செய்வதற்கு மட்டும் தனிக் குலம் இருக்கிறது. ஹாகலீமாவின் குலத்துக்கு அந்த முறை முன்சாகாவின் குலம். கேலிமுறைக்காரர் என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது. பட்டால் அதுதான் ஊருக்கு அடுத்த பேச்சு. காலையில் குழி வெட்டும்போது முன்சாகா உள்ளே இறங்கிப் படுத்துப் பார்த்துவிட்டு, "என் மச்சான் என்ன வெட்டுக்கிளியா, காலை மடக்கிக்கிட்டுக் கெடக்க? நீளமா வெட்டுங்கடா" என்று சண்டை பிடித்து, நீளத்தைக் கூட்ட வைத்திருந்தார். ஹாகலீமா அவ்வளவு உயரம்.

இப்போது பெட்டி டிரெய்லரில் ஏறிவிட்டது. இழுக்கப் போவது எது என்பதுதான் பாக்கி.

வழக்கமாக மாட்டுவண்டிதான் இழுக்கும். ஆனால் உண்ணிக் காய்ச்சல் வந்து மாடுகள் எல்லாம் போன ஆண்டே செத்துப்போயின. கடைசி எருது விழுந்த அன்றுதான் ஹாகலீமா டிராக்டர் வாங்குவதென்று முடிவு செய்தார். அவர் வாழ்க்கையில் கடைசியாகச் செய்த முடிவு அதுவே. எந்த டிராக்டர் என்பதை யோசிக்க ஆரம்பித்தார், யோசித்துக்கொண்டே இருந்தார். போன மழைக்கு வயல் பாதிதான் உழப்பட்டது. இந்த மழைக்கு மேகம் வந்துவிட்டது, ஹாகலீமா போய்விட்டார்.

ஒரு பக்கம் பக்கத்துப் பண்ணை மூங்கா விற்பதாகச் சொன்ன பழைய சிவப்பு டிராக்டர். ஊர் உலகத்துக்கே தெரிந்த கம்பெனி. மூங்காவுக்கு முன்னால் எத்தனை பேர் ஓட்டினார்கள் என்பதுதான் யாருக்கும் தெரியாது. மீட்டர் முள் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டது. சாவித் துவாரத்தில் ஸ்க்ரூடிரைவரைச் செருகித்தான் கிளப்ப வேண்டும். ஆனால் எந்த மாமரத்தடி மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டிவிடுவான்.

இன்னொரு பக்கம் புது நீலம். விலை மலிவு, வாரண்டி உண்டு, பெயர் யார் வாயிலும் நுழையாது. ஒரு நட்டு போனாலும் தலைநகர் லுசாக்காவுக்குப் போன் போட வேண்டும்.

ஹாகலீமா சிவப்பைப் புகழ்கிறவரிடம் நீலத்தையும் நீலத்தைப் புகழ்கிறவரிடம் சிவப்பையும் புகழ்ந்தார். பாதிரியார் ஒரு ஞாயிறு இதற்காகவே ஜெபம் செய்தார். ஆண்டவரும் இரண்டு பக்கமும் யோசித்தார் போலிருக்கிறது.

சாவுச் செய்தி கேட்டதும் இரண்டு டிராக்டரும் வந்துவிட்டன. மூங்கா அண்டைவீட்டு முறைக்குச் சிவப்பைக் கொண்டுவந்தார். நீலக் கம்பெனியின் விற்பனைக்காரர் கபாசோ அனுதாபம் தெரிவிக்கத் தன் டிராக்டரில் வந்தார். விறகு, தண்ணீர், கிழவிகள், மக்காச்சோள மாவு மூட்டை என்று இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு இழுத்தன. இப்படியொரு வெள்ளோட்டம் ஹாகலீமா உயிரோடு இருந்தபோது கேட்டுக் கேட்டும் கிடைக்கவில்லை.

"ஆழ்ந்த வருத்தம்மா" என்றார் கபாசோ, மசூபாவின் கையைப் பிடித்துக்கொண்டு. "அப்பா ரொம்ப நல்ல வாடிக்கையாளர்."

"எதையும் வாங்கலையே சார் அவரு."

"அதனாலதான்மா, ஒரு புகார் கூட வந்ததில்ல."

அந்த நேரத்தில்தான் முன்சாகா டிரெய்லரிலிருந்து குதித்தார். நீலத்திலிருந்து சாவியைப் பிடுங்கினார். சிவப்பிலிருந்து ஸ்க்ரூடிரைவரை உருவினார். இரண்டையும் கைக்கொன்றாகத் தூக்கிப் பிடித்தார்.

"இந்த வீடு எதுன்னு சொல்லட்டும். சொல்ற வரைக்கும் மச்சான் இங்கயேதான்."

கேலிமுறைக்காரர் எடுத்ததை ஏதாவது கொடுத்துத்தான் மீட்க வேண்டும். யாரோ ஒரு கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கி வந்தார்கள்.

"கோழி போன சாவுலயே தின்னாச்சு. எனக்குப் பதில் வேணும்."

"மாமா, மழை வருது" என்றாள் மசூபா.

"வரட்டும். மழை வந்தா என்ன பண்ணுவே? நனைவே. எதை வெச்சு உழுவே? பாட்டுப் பாடியா?"

கூட்டம் சிரித்தது. கிழக்கே வானம் கறுத்திருந்தது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். இந்த வீட்டில் கலப்பை பிடிக்க இனி அவள்தான். அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் இடுப்பில் சுற்றிய சித்தங்கித் துணியின் முனையால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"சிவப்பை எடும்மா" என்றார் மூங்கா, தன் லாபத்துக்காகச் சொல்லவில்லை என்று காட்ட வானத்தைப் பார்த்துக்கொண்டு. "உங்கப்பாவுக்கு அதுமேல ஒரு இது. வந்தா எறங்கவே மாட்டாரு."

அது உண்மை. அப்பா சிவப்பில் உட்கார்ந்தால் செய்து வைத்ததுபோல இருக்கும். கால் இயல்பாக நீளும், கை இயல்பாக வளையும், முகம் கூடக் கொஞ்சம் இளமையாகும். மசூபாவும் ஒருமுறை அதை ஓட்டியிருக்கிறாள். கிளட்சுக்குக் கால் எட்டவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கி, எழுந்து நின்று, உடம்பு முழுவதையும் அதன்மேல் ஏற்றினால்தான் இறங்கியது. ஒவ்வொரு திருப்பத்திலும் எழுந்தாள், உட்கார்ந்தாள். வயலே சிரித்தது. "மாதா கோயில்லகூட இத்தனை தடவை எழுந்திரிக்க மாட்டாங்க" என்றார் முன்சாகா. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. வரப்பில் நின்று தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தேடுகிறவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீலத்துக்கு வாரண்டி இருக்கு" என்றார் கபாசோ மெதுவாக. சாவு வீட்டுக்கான குரல் அது.

"மனுசனுக்கு இருக்கா?" என்றார் முன்சாகா.

கபாசோவின் டிரைவர் நீலத்தின் மேல் உட்கார்ந்திருந்தான். நெட்டையான பையன். இரண்டு முட்டியும் ஸ்டியரிங்குக்கு இரு பக்கமும் காதளவு உயர்ந்து நின்றன. காலையிலிருந்து அப்படியேதான் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, எதை எடுத்தாலும் சீக்கிரம் எடுங்க" என்றான். "நான் எறங்கி நடந்தாப் போதும். முட்டி செத்துப்போச்சு."

"சீட்டைப் பின்னாடி தள்ள வேண்டியதுதானே?"

"வரணுமே! போன விவசாயக் கண்காட்சியில ஒரு பெரியவர் வந்து முன்னாடி இழுத்தாரு. கடைசிப் பல்லு வரைக்கும் இழுத்துட்டாரு. அன்னைக்கு மாட்டினது, இன்னைக்கு வரைக்கும் அசையல."

கபாசோ அவனைப் பார்த்த பார்வையில் அவன் வேலை ஊசலாடியது. "சின்ன அட்ஜஸ்ட்மென்ட் சார் அது. வாரண்டியில வரும்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

"எந்தப் பெரியவர்?" என்றாள் மசூபா.

"பேரு தெரியாதுக்கா. என்னைவிட உசரம். இழுத்துட்டு அவரே ஏறி உக்காந்தாரு. முட்டி டேஷ்போர்டுல இடிக்குது, குறுகிக்கிட்டு அப்படியே உக்காந்திருக்காரு. நான் சொன்னேன், பெரியவரே உங்களுக்குப் பின்னாடி தள்ளணும்னு. 'எனக்கு இல்லடா'ன்னாரு. ரொம்ப நேரம் எறங்கவே இல்ல." அவன் முன்சாகாவைப் பார்த்தான். "அதோ, அந்த மாதிரி தொப்பி."

முன்சாகா தொப்பியைக் கழற்றினார். சாவியும் ஸ்க்ரூடிரைவரும் இருந்த கைகள் கொஞ்சம் தாழ்ந்தன.

மசூபா போய்ச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. கபாசோவின் கை பையைத் திறக்கப் போனது.

"மூடு" என்றார் முன்சாகா. "மண்ணு போடாம பேப்பர் எடுத்தே, உன்னையும் உள்ள வெச்சு மூடிருவேன்."

மூங்கா தன் ஸ்க்ரூடிரைவரை வாங்கிச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "சரிம்மா. பார்ட்ஸ் கெடைக்கலைன்னா வா. உழுது தரேன்" என்றார். கோபம் இல்லை. நிச்சயம் வருவாய் என்கிற குரல்தான்.

அம்மா முகத்திலிருந்து துணியை எடுத்தாள். நீல டிராக்டரைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

"அதுல உங்கப்பாவுக்கு முட்டி இடிக்குமேடி."

"ஆமாம்மா."

டிரைவர் இறங்கிக் காலை உதறினான். மசூபா சித்தங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். டிரெய்லர் கொக்கி வரை பின்னால் எடுக்க வேண்டும். முதல் துளிகள் பானட்டில் விழுந்தன. பழக்க தோஷத்தில் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் போனவள், எழவில்லை. கால் கிளட்சின் மேல் இருந்தது. அழுத்தினாள், இறங்கியது.

பையன் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். "இருங்கக்கா, லீவரை ஒரு தட்டு தட்டிப் பார்க்கிறேன். சீட்டு சரியாயிடும்."

"தட்டாதே" என்றாள் மசூபா.