கட்டண அலுவலகத்தில் விரித்த பாய்

கல்லூரிக் கட்டண அலுவலக வரிசையில் தன் முறை வந்ததும் பெனினா பையைத் திறந்து பாயை எடுத்து உதறி விரித்தாள். தாழை ஓலையை மெல்லிசாகக் கிழித்துப் பின்னிய பாய், தொட்டால் துணி போலவே இருக்கும், ஓரத்தில் சிவப்பு இறகுகள். பின்னால் நின்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். சுருட்டிக் கொடுத்தால் மரியாதை இல்லை, விரித்துக் காட்டித்தான் கொடுக்க வேண்டும் என்று ஊரில், அமெரிக்க சமோவாத் தீவின் பாகோ பாகோ விமான நிலையத்தில், அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

காரணம் இருந்தது. முதல் தடவை இந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, சமோவாக்காரி வெளி மாநிலத்தவள் என்று மூன்று மடங்கு கட்டணம் கேட்டார்கள். அவள் தீவிலும் பறப்பது அதே அமெரிக்கக் கொடிதான், அண்ணன் இருப்பதும் அதே பட்டாளத்தில்தான். இருந்தும் தீவு எந்த மாநிலத்திலும் சேராது, அதனால் அவள் எந்த மாநிலத்துக்காரியும் இல்லை. தீவில் அவள் கேட்ட படிப்பும் இல்லை. அம்மாவோடு மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைக்கு வேலைக்குப் போனாள். இந்த வருஷம் சட்டம் மாறியது. தீவுப் பிள்ளைகளும் உள்ளூர்ப் பிள்ளைகள் கட்டுவதைக் கட்டினால் போதும். அதைப் போனில் கூப்பிட்டுச் சொன்னவர் இந்த அலுவலகத்து மார்லீன். அன்றைக்கே அம்மா மெத்தையைத் தூக்கி, அடியில் பத்திரமாக வைத்திருந்த வீட்டின் ஒரே நல்ல பாயை வெளியே எடுத்துவிட்டாள்.

"ஐயோ, எவ்வளவு அழகு! எனக்கா?" என்றார் மார்லீன். கை மட்டும் நீளவில்லை. "நான் வாங்கக் கூடாதும்மா."

"எங்கம்மா குடுத்தாங்க மேடம். வாங்கலன்னா எங்க குடும்பத்தையே வேணாம்னு சொன்ன மாதிரி."

"கண்ணு, எம்பொண்ணும் இங்கதான் படிக்கிறா. அவ கட்டுறதத்தான் நீயும் கட்டுற. அவ எனக்கு ஒரு காப்பி வாங்கிக் குடுத்திருப்பாளா?" வரிசையில் சிரிப்பு எழுந்தது. "யாரும் உனக்குச் சலுகை காட்டல. மொதல்லயே உங்கிட்ட இவ்வளவுதான் கேட்டிருக்கணும்."

பெனினாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பாயை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து அம்மாவைப் போனில் கூப்பிட்டாள்.

"வாங்கலையா?" அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "சுருட்டிக் குடுத்தியாடி?"

"விரிச்சுத்தாம்மா காட்டினேன்." மார்லீன் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள்.

அந்தப் பக்கம் ஆலையின் இரைச்சலுக்கு மேல் அம்மா குரலை உயர்த்தினாள்.

"அவங்க பொண்ணு மாதிரியேன்னா சொன்னாங்க?"

"ஆமாம்மா."

"அப்ப சரி. வீட்டாளு வீட்டுக்கே பாய் கொண்டு போவாளா? நாந்தான் ஒன்ன விருந்தாளியாட்டம் அனுப்பிட்டேன்." அம்மா மூக்கை உறிஞ்சினாள். "நல்லாருக்கட்டும் அந்தம்மா. சட்டம் போட்டவங்க எல்லாரும் நல்லாருக்கட்டும். பாயக் கசக்கிடாத. பட்டம் வாங்குற அன்னிக்கு நம்ம வழக்கப்படி இடுப்புல சுத்திக் கட்டிக்க."

பெனினாவுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. முகம் தெரியாத அந்த ஊர் முழுவதற்கும் நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது. எதிரே சைக்கிளில் வந்தவனைப் பார்த்துச் சிரித்தாள். அவனும் என்னவென்று தெரியாமல் சிரித்துவிட்டுப் போனான்.

விடுதியில் அறைத்தோழி மெத்தையின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். "இவ்வளவு அழகான பாய எதுக்குடி அடியில போடுற?"

"கசங்காம இருக்கணும். நாலு வருஷம்," என்றாள் பெனினா, கட்டில் பலகையின் மேல் பாயைச் சுருக்கம் இல்லாமல் நீவி விட்டபடி.

மெத்தையை இறக்கினார்கள். ஓரத்தில் ஒரு சிவப்பு இறகு மட்டும் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.