இடப்பக்க ஜன்னல் சீட்டு

விமானத்தில் எது நல்ல சீட்டு என்று என்னைக் கேளுங்கள். இந்த வருஷம் வரை நான் ஏறியதே இல்லை, ஆனாலும் எட்டு வருஷமாக எங்கள் தெருவுக்கே நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். கழிப்பறைப் பக்கம் வேண்டாம், கதவுச் சத்தத்தில் பதினான்கு மணி நேரமும் கண் மூட முடியாது. கடைசி வரிசையில் சரியாகச் சாய முடியாது. முதல் வரிசையில் கால் நீட்டலாம், ஆனால் கைக்குழந்தைக்குத் தொட்டில் மாட்டுவது அங்கேதான்.

இதெல்லாம் அவருக்காகக் கற்றுக்கொண்டது. என் வீட்டுக்காரர் தூர தேசத்தில் கப்பல் பட்டறையில் வெல்டர். வருஷத்துக்கு ஒரு மாசம் லீவு. சீட்டு எடுக்கச் சொன்னால், "ஏதோ ஒண்ணு, விழாம போனா சரி" என்பார். அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் கைபேசியில் சீட்டுகளைக் கட்டம் கட்டமாகப் போட்ட படம் திறந்ததும் நான்தான் பாய்ந்து இடப்பக்க ஜன்னல் சீட்டான 31ஏ-யைப் பிடிப்பேன். விமானம் மேலே ஏறும்போது எங்கள் மொட்டைமாடி இடப்பக்கம் வரும். கொஞ்சம் ஆடினாலும் அவருக்குக் குமட்டும்; விமானத்தின் நடுப்பகுதியில் உட்கார்ந்தால் ஆட்டம் தெரியாது என்று டிக்கெட் ஆபீஸ் அண்ணன் சொல்லியிருந்தார். இரண்டுக்கும் பொருந்துகிற சீட்டு. எனக்குப் பெருமை தாங்காது.

நான் திரைச்சீலை தைக்கிறவள். கடையில் மிஞ்சிய துணிகளைச் சேர்த்துப் பெரிதாகத் தைத்து, விமானம் போகிற நேரம் மகளும் நானும் மாடியில் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஆட்டுவோம். அவர் அங்கே இறங்கியதும் போனில் என் முதல் கேள்வி, "பார்த்தீங்களா?"

"பார்க்காம? சிவப்புத் துணி பளிச்சுனு தெரிஞ்சுதே."

அந்த ஒரு வார்த்தையை வைத்து அடுத்த பதினொரு மாசத்தை ஓட்டிவிடுவேன்.

இந்த வருஷம் அவருக்கு அங்கே குடும்பத்தோடு தங்க வீடு கிடைத்தது; நான் முதலில் கிளம்புவதாக முடிவானது. மகளுக்குப் பரீட்சை, மூன்று மாசம் என் தங்கை வீட்டில் இருந்துவிட்டு அப்புறம் வருவாள். அவளை விட்டு நான் ஒரு ராத்திரிகூட இருந்ததில்லை. "31ஏ எடும்மா. மஞ்சள் துணி பிடிக்கிறேன். என்னைப் பார்த்துட்டுத்தான் போகணும்" என்றாள், அழுகையை அடக்கிக்கொண்டு.

எடுத்தேன். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னலில் மூக்கை ஒட்டினேன்.

றெக்கை. எங்கள் கூடம் அளவுக்கு அகலமான சாம்பல் நிற றெக்கை. படத்தில் கழிப்பறையைக்கூடப் போட்டிருந்தான் பாவி, றெக்கையைப் போடவில்லை. விமானம் எழும்பியதும் பக்கத்து சீட்டுக்காரர் முறைக்கிற அளவுக்கு எம்பி எம்பிப் பார்த்தேன். ஒரு தெருகூடத் தெரியவில்லை. என் பிள்ளை கீழே கை வலிக்க ஆட்டிக்கொண்டிருப்பாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. கிளம்புமுன் ஒவ்வொரு தடவையும், "இந்த வருஷம் என்ன கலர் துணி?" என்று அவர் விடாமல் கேட்பார். ஆசையில் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன்.

இறங்கியதும் வாசலில் நின்றவரிடம் சண்டைக்குப் போனேன். "எட்டு வருஷமா றெக்கையைத்தான் பார்த்துட்டு வந்தீங்களா?"

பெட்டியை வாங்கிக்கொண்டார். "முதல் தடவை சும்மா சொல்லிட்டேன். வருஷம் பூரா அதையே சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்ட. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

"வாயைத் திறந்திருந்தா வேற சீட்டு எடுத்திருப்பேன்ல!"

அதற்குள் போன் அடித்தது. மகள்.

"அம்மா, பார்த்தியா?"

அவரைப் பார்த்தேன். அவர் பெட்டியின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்க்காம? மஞ்சள் துணி பளிச்சுனு தெரிஞ்சுதே, கண்ணு" என்றேன். "ஆனா நீ வர்றப்ப 31 வேண்டாம். நல்லாப் பின்னாடி தள்ளி எடு. அங்கேருந்து இன்னும் நல்லாத் தெரியும்."



"நான் வர்றப்ப நம்ம மாடியில யாரும்மா இருப்பா?"

எட்டு வருஷத்தில் இதை நான் யோசித்ததே இல்லை.

"துணியைக் கொடியில இறுக்கிக் கட்டிட்டு வா" என்றேன்.