வெள்ளை டேப்

என் கணவருடைய நெஞ்சில், இடது காறை எலும்புக்குச் சற்றுக் கீழே, ஒரு குழாய் தொங்குகிறது. தோலை விட்டு வெளியே வந்ததும் அது இரண்டாகப் பிரியும். ஒன்றுக்குச் சிவப்பு மூடி, இன்னொன்றுக்கு நீல மூடி. உள்ளே அது எதுவரை போகிறது என்று டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். இதயத்தின் வாசல்வரை போகிறது. அந்தப் படத்தைப் பார்த்த நாளோடு என் தூக்கம் போயிற்று.

அவர் வீட்டு ஒயரிங் வேலை செய்கிறவர். இருபத்தாறு வருடம் சுவருக்குள் கம்பி இழுத்தவர். குழாயைக் குனிந்து பார்த்துவிட்டு, "பேஸ் இருக்கு, நியூட்ரல் இருக்கு, எர்த்துதான் இல்ல" என்றார். நர்சுகள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எர்த் இல்லாத வீட்டில் ஷாக் அடித்தால் என்ன நடக்கும் என்று எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் அந்தக் குழாய் வழியாகத்தான் ரத்தம் வெளியே வந்து, இயந்திரத்தில் சுத்தமாகித் திரும்பிப் போகிறது. கையில் ஆபரேஷன் செய்து இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்திருக்கிறார்கள். அது பருத்து ஊசி தாங்குகிற அளவுக்கு வர ஆறு வாரம் ஆகும். அதுவரை நெஞ்சுக் குழாய்தான் கதி. வலது பக்கம் முதலில் போட்ட குழாய் அடைத்துக்கொண்டது. இதுவும் போனால் தொடையில்தான் போட வேண்டும், அங்கே கிருமி இன்னும் சுலபமாக ஏறும் என்றார் டாக்டர். கிருமி உள்ளே போனால் ரத்தத்தோடு நேரே இதயத்துக்குத்தான் போகும் என்றும் சொன்னார். டாக்டர்கள் இதையெல்லாம் பஸ் வரும் நேரத்தைச் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

டயாலிசிஸ் பிரிவில் ஜன்னலோரக் கட்டிலில் பழைய லாரி டிரைவர் ஒருவர் படுப்பார். நாலு மணி நேரமும் என் கணவரோடு வம்பளந்துகொண்டே இருப்பார். ஒரு செவ்வாய்க்கிழமை குளிர்கிறது என்று இரண்டு போர்வை கேட்டார். வியாழக்கிழமை வரவில்லை. சனிக்கிழமை அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் பிஸ்கட் தொழிற்சாலையில் சுகாதார மேற்பார்வை பார்க்கிறேன். ஷிப்ட் தொடங்கும் முன் வாசலில் நின்று ஒவ்வொருவர் நகத்தையும், தலையில் போட்ட வலையையும் பார்த்துத்தான் உள்ளே விடுவேன். விரலில் சின்ன வெட்டு இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். வெட்டை மறைக்க அவர்கள் போடாத வேஷம் கிடையாது. ஒன்றும் என்னிடம் பலிக்காது. எனக்கு அங்கே பூதக்கண்ணாடி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்வதால் எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு. உண்மையைச் சொன்னால், அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்தத் தொழிற்சாலையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குழாய்ப் பக்கம் யாராவது போக வேண்டுமானால் மணிக்கட்டுவரை சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், இரண்டு பேரும் முகக்கவசம் போட வேண்டும். தினமும் துவைத்த சட்டை, அதுவும் முன்பக்கம் பொத்தான் வைத்தது. கத்தரிக்கோலும் சவரக் கத்தியும் பூட்டின அலமாரியில். மூடிகளை வீட்டில் யாரும் தொடக் கூடாது. குளியல் கிடையாது, ஈரத்துணியால் நானே துடைத்துவிடுவேன். காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்துக் காலண்டரில் எழுதுவேன். குழாய் வெளியே வரும் இடத்தை மூடியிருக்கும் பஞ்சுத் துணி ஒட்டை நர்ஸ்தான் மாற்றுவார். அவசரத்துக்கு அது பிரிந்துவிட்டால் மூடி வைக்க மூன்று பொட்டலம் கொடுத்திருந்தார்கள். கிருமி நீக்கின பஞ்சுத் துணி, டேப், கையுறை எல்லாம் அதற்குள் இருக்கும். அவற்றை ஒரு டப்பாவில் போட்டு பீரோ மேல் வைத்து, தினமும் சாயங்காலம் எண்ணிப் பார்ப்பேன். மூன்று இருந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

ஒருநாள் ஒட்டின் ஓரத்தை அவர் சொறிந்துவிட்டார். அன்றைக்கு நான் பேசின பேச்சு மாடி வீட்டுக்கே கேட்டிருக்கும். "சாகணும்னா முன்னாடியே சொல்லிடுங்க, நானும் ரெடியாயிடறேன்" என்றுகூடச் சொன்னேன். பயத்தில் சொன்னதுதான். ஆனால் பயம் என் வாய்க்கு வரும்போது கோபமாகத்தான் வரும், அது என் பிறவிக் குணம். அவர் விரலைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் சொறிந்து நான் பார்த்ததில்லை.

ஐந்தாவது வாரம் சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து அவரை வீட்டில் விட்டுவிட்டு மதிய ஷிப்டுக்குப் போனேன். திரும்பி வந்து காய்ச்சல் பார்த்தேன், இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பொத்தானைத் திறந்து ஒட்டைப் பார்த்தேன். முகக்கவசம் போட்டால் என் மூச்சு மேலே ஏறி மூக்குக்கண்ணாடி மங்கிவிடும். கண்ணாடியைக் கழற்றினால் கிட்டத்தில் இருப்பது தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் வெள்ளை டேப் நாலு பக்கமும் ஒட்டியிருப்பது தெரிந்தது. போதும் என்று பொத்தானைப் போட்டேன். ஒன்றும் இல்லையே என்று கேட்டேன், ஒன்றும் இல்லை என்றார். சாயங்காலமும் கேட்டேன், அதே பதில். கொஞ்சம் சோர்வாக இருந்தார். டயாலிசிஸ் முடிந்த மறுநாள் எப்போதும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். காலண்டரில் இரண்டு வேளையும் காய்ச்சல் இல்லாத எண்ணைத்தான் எழுதினேன்.

திங்கட்கிழமை காலையிலும் காய்ச்சல் இல்லை, நாலு மணிக்கு வேலை முடிந்து வந்தேன். கதவைத் திறந்ததும் அறைக்குள் அனல் அடித்தது. மின்விசிறி ஓடவில்லை. வெளியே தார் உருகுகிற வெயில். அந்த வெயிலில் ஒரு ஒயர்மேன் விசிறியை அணைத்துவிட்டுக் கட்டிலில் சுருண்டு கிடக்கிறார். மேலே போர்வை, போர்வைக்கு மேலே என் பழைய சேலை ஒன்று. கட்டில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கிட்டே போன பிறகுதான் ஆடியது கட்டில் இல்லை என்று புரிந்தது.

விசிறி ஏன் ஓடவில்லை என்று கேட்டேன். உள்ளே காயில் கம்பி எரிந்து போயிருக்கும் என்று பல் கிட்டிக்கொண்டே சொன்னார். அந்த நிலையிலும் சப்பைக்கட்டு. நெற்றியில் கை வைத்தேன், தோசைக்கல் தோற்றது. காய்ச்சல் நூற்றிரண்டு. மணிக்கட்டுவரை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு, இந்தத் தடவை மூக்கோரத்தில் விரலால் அழுத்திப் பிடித்து, கண்ணாடி மங்காமல் குனிந்து பார்த்தேன்.

ஆஸ்பத்திரி டேப்பில் பொடிப்பொடியாகத் துளை இருக்கும். ஒட்டின் கீழ்ப்பக்கம் ஒட்டியிருந்ததில் துளை எதுவும் இல்லை. வழவழவென்று பளபளத்தது. அவர் வேலைப் பையில் வைத்திருக்கும் இன்சுலேஷன் டேப், வெள்ளை நிறத்தில். எத்தனை வீட்டுச் சுவர்த் தூசியில் புரண்டதோ. டேப்பின் ஓரத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குத் தோல் சிவந்து வீங்கியிருந்தது.

பிய்த்து எறிய வேண்டும் என்று கை பரபரத்தது. பிய்க்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். டயாலிசிஸ் பிரிவுக்குப் போன் செய்தேன். அங்கே தலைமை நர்ஸாக இருப்பவரை எல்லாரும் பெரிய சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் நான் சொன்னதைப் பாதியிலேயே நிறுத்தினார். எதையும் பிரிக்காதீர்கள், மூடியைத் தொடாதீர்கள், மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள், புதுப் பஞ்சுத் துணியை அதன் மேலேயே வைத்து மூடி உடனே அழைத்து வாருங்கள் என்றார். டப்பாவை இறக்கித் திறந்தேன். மூன்று பொட்டலமும் பிரிக்காமல் இருந்தன.

டாக்சியில் ஏறினதும் எனக்கு வாய் திறந்துகொண்டது. பொட்டலம் மூன்று இருக்கும்போது இதை எடுத்து ஒட்ட எப்படி மனசு வந்தது, இது என்ன சுவிட்ச் போர்டா, ஐந்து வாரம் கட்டிக் காத்ததை ஒரு நிமிடத்தில் குட்டிச்சுவர் ஆக்கிவிட்டீர்களே என்று கத்தினேன். டிரைவர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"எடுத்தா ரெண்டாயிடும்ல" என்றார் அவர்.

"என்ன ரெண்டாயிடும்?"

"பொட்டலம். நீ சாயங்காலம் எண்ணுவியே."

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை திட்டிக்கொண்டே போனேன். திட்டுவதை நிறுத்தினால் அவர் நடுங்குகிற சத்தம் காதில் விழும் என்ற பயம்தான் காரணம். அவர் என் தோளில் சாய்ந்து, திட்டுகளை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

அவசரப் பிரிவில் திரை போட்ட ஒரு மூலையில் படுக்க வைத்தார்கள். டாக்டர் இளவயதுக்காரர். குழாயிலிருந்தும் கையிலிருந்தும் ரத்தம் எடுத்து அனுப்பினார். பிறகு கட்டிலருகே வந்து, காய்ச்சலும் குளிரும் எப்போது தொடங்கின என்று கேட்டார். இன்றைக்குத்தான் என்றால் குழாயை வைத்துக்கொண்டே மருந்து கொடுத்துப் பார்க்கலாம், நாள் ஆகியிருந்தால் காத்திருக்க முடியாது, குழாயை எடுத்துவிட்டு இதயத்தையும் உடனே சோதிக்க வேண்டும், அதனால் சரியான நாளைச் சொல்லுங்கள் என்றார்.

என் கணவர் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இன்னைக்குக் காலையிலதான்" என்றார்.

எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தொழிற்சாலை வாசலில் எத்தனை திருட்டு முழியைப் பிடித்தவள் நான். அன்றைக்கு எனக்கு வேண்டிய பதில் வந்ததும் கையெடுத்துக் கும்பிடாத குறையாக வாங்கிக்கொண்டேன். டாக்டர் எழுதிக்கொண்டார். டயாலிசிஸ் பிரிவிலிருந்து வந்திருந்த பெரிய சிஸ்டர் மட்டும் என் கணவருடைய முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒட்டைப் பிரிக்க வேண்டும், நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள் என்று என் தோளில் கை வைத்து நகர்த்தி, திரையை இழுத்துவிட்டார்.

ஒரு துணிதான் நடுவில். உள்ளே கையுறை மாட்டும் சத்தம் கேட்டது.

"அண்ணே, அவங்க இப்ப இங்க இல்ல" என்றார் பெரிய சிஸ்டர். "சொல்லுங்க. என்னைக்கு?"



"சனிக்கிழமை ஒட்டு நனஞ்சு பிரிஞ்சிடுச்சு சிஸ்டர். ஒரே ஒரு சொம்புதான். தலைக்கு மட்டும் ஊத்திக்கிட்டேன். அஞ்சு வாரமாச்சு தலையில தண்ணி பட்டு."

"குளிர் எப்ப வந்துச்சு?"

"ஞாயித்துக்கிழமை விடியறப்போ ஒரு தடவை. மத்தியானம் ஒரு தடவை. இன்னைக்குக் காலையில அவ வேலைக்குப் போனதும் பெருசா வந்துச்சு."

"ரெண்டு நாளும் காய்ச்சல் இல்லன்னு காலண்டர்ல எழுதினதா போன்ல சொன்னாங்களே?"

"அவ பாக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி மாத்திரை போட்டுக்குவேன்."

இரண்டு நாள். நான் எண்ணை எழுதி, காலண்டரைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டிருந்த இரண்டு நாளும் அது அவர் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. லாரி டிரைவர் கேட்ட இரண்டு போர்வை கண்முன் வந்தது.

திட்டுக்குப் பயந்துகொண்டா இத்தனையும் செய்தீர்கள் என்று சிஸ்டர் கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை.

"திட்டு வாங்கறது எனக்குப் பழக்கம் சிஸ்டர்" என்றார் அவர். பல் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. "திட்டி முடிச்சிட்டு பாத்ரூமுக்குப் போவா. தண்ணிக் குழாயைத் திறந்து விட்டுட்டு உள்ள உக்காந்து அழுவா. எனக்குக் கேக்காதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. அதுக்குத்தான் சொல்லல."

பெரிய சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட்டு, ஞாயிறு விடியற்காலை என்று மாற்றி எழுதுங்கள் என்றார். டாக்டர் உடனே யாருக்கோ போன் செய்து, குழாயை எடுக்க வேண்டும், இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள் என்றார். கையில் இணைத்த ரத்தக் குழாய் இப்போதே ஊசி தாங்குமா என்றும் கேட்டார்.

உள்ளே போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. திரையை விலக்கக் கையையும் தூக்கிவிட்டேன். அப்போது சிஸ்டர், வேறு ஏதாவது இருக்கிறதா, எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள் என்றார். அவர் ஒருமுறை இருமிவிட்டு, "இன்னொண்ணு இருக்கு" என்று மெதுவாகத் தொடங்கினார். நான் நுழைந்தால் நிறுத்திவிடுவார். கையை இறக்கிக்கொண்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் இரண்டு அடி பின்னால் நகர்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.