குப்பத்துப் பெண்கள் பதித்த கல்

கட்டடத் திறப்பு விழாவுக்கு வைக்கும் சர்க்கார் கல்லில் ஓவர்சீருக்கு இடம் கிடையாது. அமைச்சர், எம்.பி., எம்.எல்.ஏ., கலெக்டர் என்று இறங்கி இறங்கி வந்து ஒன்றியத் தலைவரோடு கல் முடிந்துவிடும். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று வரிப்பணத்தில் கட்டியதற்குத் தங்கள் பெயரைப் பொன் எழுத்தில் போட்டுக்கொள்வார்கள். திண்டிவனம் ஓவர்சீர் வெங்கடாசலம் சர்வீஸ் முழுக்க அப்படிப்பட்ட கற்களைச் சுவரில் பதித்தே வந்த மனுஷர். ஒரு கல்லிலாவது நம் பெயர் வராதா என்று அவருக்கும் ஆசை இருந்தது. பொய் சொல்வானேன், நிறையவே இருந்தது.

அதனால்தான் மரக்காணத்துக்குப் பக்கத்து மீனவர் குப்பத்தில் சமுதாயக் கூடத் திறப்பு விழாவன்று திரையை விலக்கியதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சர்க்கார் கல்லுக்குக் கீழே இன்னொரு சின்னக் கல். '2011 தானே புயலில் விழுந்த எங்கள் கூடத்தைத் திரும்பக் கட்டிக் கொடுத்த ஓவர்சீர் வெங்கடாசலம் ஐயாவுக்குக் குப்பத்துப் பெண்களின் நன்றி.'

கார்களெல்லாம் புழுதி கிளப்பிக்கொண்டு போன பிறகு வடிவு வந்தாள். மீன் விற்கிறவள், அந்தக் குப்பத்து மகளிர் குழுவுக்குத் தலைவி.

"மேல இருக்கறது அவுங்களே போட்டுக்கினது சார். இது நாங்க போட்டது. நேத்து சாயந்தரம்தான் பதிச்சோம்."

"எடுத்துடும்மா. இதுக்கெல்லாம் ரூல்ஸ் இல்ல."

"இன்னா ரூல்ஸு? விழுப்புரம் ஆபீசுக்கு எங்களுக்காக நடையா நடந்தது யாரு? அந்தக் கார்ல வந்தவங்களா?"

நடந்தது வாஸ்தவம்தான். அவர் மட்டும் விடாப்பிடியாக இல்லாவிட்டால் அந்தக் கூடம் இன்றைக்கும் குட்டிச்சுவராகத்தான் கிடக்கும். ஆனால் மேல்தளம் போட்ட அன்று நடந்தது வேறு. நல்ல தண்ணீர் லாரி வரவில்லை. கான்ட்ராக்டர் கரையோரப் போர்வெல்லிலிருந்து உப்புத் தண்ணீரை இழுத்துக் கலவை போட்டான். வெங்கடாசலம் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். கடல் உப்பு. வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். அமைச்சர் தேதி கொடுத்தாகிவிட்டது என்று வாயை மூடிக்கொண்டார். உப்பு உள்ளே இருந்தபடி கம்பியைத் தின்னும், சில வருஷத்தில் காரை பேந்து விழும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? பெயர் இல்லாத வேலையில் அது உறுத்தாமல் இருந்தது. இப்போது கல்லில் பெயர் வந்துவிட்டது.

"இனிமே புயல்னா பயமில்ல சார்," என்றாள் வடிவு. "புள்ளகுட்டிங்கள இட்டுக்கினு வந்து இங்கியே படுத்துக்குவோம்."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. "அந்தத் தளத்துக்குக் கீழ யாரையும் படுக்க வெக்காதம்மா," என்று ஆரம்பித்துத் தண்ணீர்க் கதை முழுவதையும் சொன்னார். தலையை மட்டும் நிமிர்த்தவில்லை.

வடிவு அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். பிறகு கேட்டாள், "தெரிஞ்சேதான் உட்டியா?"

ஐயா போய், சார் போய், ஒருமைக்கு வந்துவிட்டது. அவருக்கு அது சரியென்றே பட்டது.

"தெரிஞ்சேதான். நாளைக்கே ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடறேன். வேலை போனாலும் போவட்டும். தளத்தை இடிச்சிட்டுத்தான் போடணும்."

"எழுதிக் குடு. அப்ப இந்தக் கல்ல இன்னா பண்றது? பேத்துக் கடாசிடட்டுமா?"

காலையிலிருந்து அவர் வேண்டிக்கொண்டது அதைத்தான். இப்போது தலையாட்டி மறுத்தார்.

"இருக்கட்டும். தளத்தை மாத்தாம உட்டுட்டாங்கன்னா, நாளைக்கு யாரைக் கேக்கணும்னு தெரியணும் இல்ல."

வடிவு கூடத்துக்குள்ளே புதுத் தரையில் வழுக்கி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் போனாள். ஒவ்வொன்றாகக் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்து கதவைச் சாத்தினாள்.